நம்ம வயிறு

பெரியம்மா, இந்த ஸ்டாப்புல நின்னா பஸ்சு நிக்காதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?

போர்டு இருக்கு, நிழலுக்குக் கொட்டகை இருக்கு, எல்லாம் சரிதான். ஆனா வண்டி இங்க நிக்காது. இங்க வரும்போது லேசா வேகத்தைக் குறைக்கிற மாதிரி ஒரு பாவனை காட்டிட்டு, அந்தா தெரியுது பாருங்க வாய்க்கால் பாலம், அங்க போய்த்தான் நிக்கும். நாமதான் பின்னாடியே ஓடிப் போய் ஏறணும். அப்ப பாலத்துக்கிட்டயே போய் நிக்கலாமேன்னு கேப்பீங்க. அதையும் செஞ்சு பார்த்தாச்சு. அங்க நின்னா, அன்னிக்குன்னு பார்த்து இங்க நிப்பாட்டி ஆள் ஏத்திக்கிட்டு, பாலத்துல கண்டுக்காமப் போயிடுவார் டிரைவர். அதனால ஊரே இங்கதான் நிக்குது.

உங்களுக்கு முழங்கால் வீங்கி இருக்கே. நீங்க ஓட வேணாம். நான் போய் படியில ஒரு காலை வச்சு நிப்பாட்டி வைக்கிறேன், நீங்க மெதுவா வந்து ஏறிக்கலாம். கண்டக்டருக்கு என்னை நல்லாத் தெரியும். "வந்துருச்சுய்யா எக்ஸ்பிரஸ், கொஞ்சம் பொறு"ன்னு டிரைவருக்குக் குரல் குடுப்பார்.

உக்காருங்க, நேரம் இருக்கு. அந்தக் கூடையை மட்டும் காலால தள்ளிடாதீங்க.

மீனு இல்ல பெரியம்மா. தெர்மாகோல் பெட்டி, ஐஸ் எல்லாம் பார்த்தா மீனு மாதிரிதான் இருக்கு. சொன்னா முகத்தைச் சுளிப்பீங்க. சரி, கேட்டுட்டீங்க, சொல்லிடறேன். எங்க வீட்டுக்காரர் வெளிக்குப் போனது. ஆராய்ச்சிக்கு. டவுனைத் தாண்டி இருக்கிற காலேஜுக்குக் கொண்டு போறேன்.

சிரிங்க, சிரிங்க. முதல்ல கேட்டப்ப நானும் வயிறு வலிக்கச் சிரிச்சேன். மூடி திருகி இருக்கு, வாசனை வராது. முந்தானையை எடுங்க மூக்குலேர்ந்து.

எங்க வீட்டுக்காரர் பேர் இளஞ்செழியன். பேரைச் சொல்லக் கூடாதும்பாங்க எங்க அத்தை. உங்களுக்குத் தெரியாத ஆளாச்சே, சொன்னா என்ன. அவருக்குப் போலீஸ் ஆகணும். சின்னப் பிள்ளையிலேர்ந்து அதே நினைப்பு. எழுத்துத் தேர்வுல பாஸ் பண்ணிடுவார். அளவு எடுக்கிறதுல பாஸ். உயரம் இருக்கு, நெஞ்சு விரியுது. ஓடச் சொன்னாத்தான் வம்பு. ஆயிரத்தைந்நூறு மீட்டர், ஏழு நிமிஷத்துக்குள்ள. காலு ஓடிடும் பெரியம்மா. வயிறுதான் ஓட விடாது.

எப்படிச் சொல்றது. விசில் ஊதின உடனே அவருக்குள்ள யாரோ மத்து போட்டுக் கடையற மாதிரி இருக்குமாம். மூணாவது சுத்து வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடுவார். அப்புறம் பாதையை விட்டு நேரா கருவேலங்காட்டுக்கு. முதல் தடவை செலக்‌ஷன்ல அப்படித்தான் போச்சு. வயசு ஏறிக்கிட்டே வருது. இந்த வருஷம்தான் கடைசி, அடுத்த தடவை விண்ணப்பமே போட முடியாதுன்னு ஆயிருச்சு.

அதனால போன ஆடியிலேர்ந்து தினமும் விடிய முன்னாடி பாலிடெக்னிக் கிரவுண்டு. மிலிட்டரியிலேர்ந்து வந்த சவரிமுத்து சார் அங்க பசங்களைச் சும்மாவே ஓட விட்டுப் பழக்கறார். காசு வாங்க மாட்டார், திட்டு மட்டும் குடுப்பார். வண்டியில முன்னாடி எங்க வீட்டுக்காரர், பின்னாடி நான், நடுவுல என் இடுப்புல இருக்காளே இவ. இவ பேர் குழலி. அப்ப மடியில கிடக்கிற பிள்ளை. சார் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து இவளைத் தொடையில வச்சுக்கிட்டு விசில் ஊதுவார். விசில் சத்தம் கேட்டாத்தான் இவளுக்குத் தூக்கமே வரும்.

நான் எதுக்குப் போனேன்னா, தண்ணி பாட்டிலுக்கு. சிரிக்காதீங்க. அவருக்கு எந்தச் சுத்துல, எந்த மூலையில வரும்னு சொல்ல முடியாது. காட்டுக்குள்ள போனா கால் கழுவத் தண்ணி வேணுமா இல்லையா? ஒரு இடத்துல நின்னுக்கிட்டு, அவர் அந்தக் கோடிக்குப் போனப்புறம் நான் ஓடினா நேரமாகும். அதனால பாட்டிலைக் கையில பிடிச்சுக்கிட்டு, சுடிதார் துப்பட்டாவை இடுப்புல சுத்திக் கட்டிக்கிட்டு அவர் பின்னாடியே ஓடிடுவேன். எல்லாச் சுத்தும். எங்க ஒதுங்கினாலும் தண்ணி தயார்.

ஓடறது ஒண்ணும் கஷ்டமில்ல. காலையில காத்து நல்லா இருக்கும். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே ஓடுவேன், அவருக்கும் பொழுது போகணும்ல. "இன்னும் ஒரு சுத்துதாங்க, அந்தா அந்த லைட்டுக் கம்பம் வரைக்கும், அப்புறம் திரும்பினா முடிஞ்சுது, பாப்பா பாருங்க சாரோட மீசையைப் பிடிச்சு இழுக்கறா." அவர் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டு, "வாயை மூடிக்கிட்டு வாடி"ம்பார். அதுக்கு மேல அவருக்குப் பேச வராது.

கஷ்டம்னா ஒண்ணே ஒண்ணுதான். கடைசி வளைவுல கால் தானா முன்னாடி போயிடும். பிடிச்சு நிறுத்தணும். புருஷனைத் தாண்டி ஓடினா நல்லாவா இருக்கும்? அத்தனை பசங்க பார்க்கிறப்ப? அதனால எப்பவும் ஒரு அடி பின்னாடி. அது இருக்கே, மாட்டைக் கயித்துல பிடிச்சுக்கிட்டுச் சரிவுல இறங்கற மாதிரி. ஓடறதைவிட அதுதான் தொடையில வலிக்கும்.

ஒருநாள் சார் விசிலை வாயிலேர்ந்து எடுத்துட்டு என்னையே பார்த்தார்.

"ஏம்மா ரஞ்சனி, உனக்கு மூச்சு வாங்கலையா?"

"வாங்குது சார். எல்லாருக்கும் வாங்கற மாதிரிதான்."

"எல்லாருக்கும் வாங்கற மாதிரி வாங்கினா பேச்சு வராதும்மா. அங்க பாரு, அவன் குனிஞ்சு முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். நீ என்கிட்ட நின்னு கதை பேசற."

"அவர் ஆம்பளை சார், வேகமா ஓடறார். நான் பின்னாடிதானே வர்றேன்."

சார் விசிலைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். அப்புறம், "நாளைக்கு ஒரு தடவை அந்தப் பாட்டிலைக் கீழ வச்சுட்டு, அவனைத் தாண்டி ஓடிக் காட்டு"ன்னார்.

"பாட்டிலைக் கீழ வச்சா, அவருக்கு வந்துட்டா யாரு சார் தண்ணி கொண்டு போறது?"ன்னு கேட்டேன். கேள்வி சரியான கேள்வியா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

இன்னொரு நாள், "பத்தாவது பாஸ்தானே நீ? பொம்பளைங்களுக்கும் எடுக்கறாங்கம்மா. நானூறு மீட்டர்தான்"ன்னு ஆரம்பிச்சார். பால்குடி மறக்காத பிள்ளையை வச்சுக்கிட்டு நான் லத்தி பிடிக்கவா சார்னு சிரிச்சுட்டு வந்துட்டேன். இதை வீட்டுக்காரர்கிட்டச் சொல்லல. ஓடப் போற மனுஷன் மனசை எதுக்குக் குழப்பணும். நான் ஓடினதெல்லாம் பள்ளிக்கூடத்தோட சரி. எங்க ஸ்கூல்ல ஓட்டப்பந்தயத்துக்கு எவர்சில்வர் கிண்ணம் குடுப்பாங்க. நல்ல கனம், அந்தக் காலத்து எவர்சில்வர். எங்கம்மா வீட்ல அலமாரி நிறைய இருக்கு. குழலிக்குச் சோறு பிசையறதுகூட அதுல ஒண்ணுதான். கீழ போட்டாலும் நெளியாது.

சாப்பாட்டுக்கு வர்றேன். அவர் வயித்துக்கு யார் என்ன சொன்னாலும் நான் செஞ்சுடுவேன். கம்பங்கூழ், முளைகட்டின பயறு, வாழைத்தண்டு, புளிச்ச மோர், வேகவச்ச கிழங்கு. கூழை ரெண்டு வாய் குடிச்சுட்டு வச்சிடுவார். மோர் பல்லைக் கூசுதும்பார். பயறு பல்லிடுக்குல மாட்டுதும்பார். வாழைத்தண்டைக் கண்டாலே எழுந்து ஓடுவார். அந்த ஓட்டத்தைக் கிரவுண்டுல ஓடியிருந்தா என்னிக்கோ சட்டையில நட்சத்திரம் குத்தியிருப்பாங்க.

மிச்சத்தைக் கொட்ட மனசு வருமா? பிள்ளைக்குப் பால் குடுக்கிற உடம்பு வேற, எந்நேரமும் பசி. எல்லாத்தையும் வழிச்சு நான் சாப்பிட்டுடுவேன். அதுவும் அவர் தட்டுலதான். கல்யாணத்தன்னிக்கே அத்தை சொல்லிட்டாங்க. "புருஷன் சாப்பிட்ட தட்டுல சாப்பிட்டாத்தான் ரெண்டு உடம்பு ஒண்ணா ஆகும். நானெல்லாம் உங்க மாமா போற வரைக்கும் வேற தட்டு தொட்டதில்ல." எனக்கும் அதுல ஒரு தொந்தரவும் இல்ல. கழுவ ஒரு தட்டு மிச்சம்.

சாயங்காலம் சேக்காளிங்களோட பரோட்டா, சால்னா சாப்பிடுவார். அது வெளிச் சாப்பாடு, கணக்குல வராது.

அப்பத்தான் பர்வீன் வந்தா கிரவுண்டுக்கு. பெரிய கண்ணாடி போட்ட பொண்ணு, அந்தக் காலேஜ்ல ஆராய்ச்சி பண்றா. தோள்ல ஒரு பை, பை நிறைய சின்னச் சின்ன டப்பா. மூடியிலேயே ஒரு கரண்டி ஒட்டியிருக்கும். பசங்களை வரிசையா உக்கார வச்சு, "வெட்கப்படாதீங்கண்ணா, ஆளுக்கு ஒரு கரண்டி போதும்"னா பாருங்க, கிரவுண்டே உருண்டுச்சு. ஒரு பையன், "அக்கா, வந்த இடத்துல முட்டை கேட்டா குடுக்கலாம், பால் கேட்டா குடுக்கலாம், இதைப் போய்க் கேக்கறீங்களே"ன்னான்.

அவ கோபப்படல. பொறுமையா விளக்கினா. நம்ம வயித்துக்குள்ள கோடிக்கணக்குல கிருமி இருக்காம். கெட்டதுன்னு நினைக்காதீங்க, பாதிக்கு மேல நமக்கு வேலை செய்யறதுதானாம். எனக்குப் புரியட்டும்னு மாவை வச்சுச் சொன்னா. "மாவுல புளிப்பு ஏறுதுல்லக்கா, அந்த மாதிரி ஓடும்போது காலுல ஒரு புளிப்பு சேருது. சிலர் வயித்துல இருக்கிற கிருமி அந்தப் புளிப்பைத் தின்னுட்டு, தெம்பா மாத்தித் திருப்பிக் குடுக்குதோன்னு பார்க்கிறோம்."

"மருமக மாதிரின்னு சொல்லு. மிச்சம் மீதியைத் தின்னுட்டு வேலை பார்க்குது"ன்னேன். அவ சிரிச்ச சிரிப்புல கண்ணாடி கழண்டு விழுந்துச்சு.

ஆனா காரியம் எனக்குப் பெருசாப் பட்டது. டப்பா குடுக்கறவங்களுக்கு, அவங்க வயிறு எப்படி, எதைச் சாப்பிட்டாத் தேவலைன்னு போன்ல சொல்வேன்னா. எனக்கு அதுதானே வேணும்? இவர்கிட்டச் சொன்னேன். "என் மானத்தை டப்பாவுல போட்டு ஊர் ஊரா அனுப்பணுமா?"ன்னு ஒரே குதி. ரெண்டு நாள் கெஞ்சினேன். அவ குடுத்துட்டுப் போன டப்பா குளியலறை மாடத்துல சும்மா கிடந்தது. மறுநாள் பர்வீன் வந்து வாங்கற நாள்.

அதனால நானே குடுத்துட்டேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? வேற யாரோடதையாவதா குடுத்தேன்? ஒரே உலை, ஒரே குழம்பு, ஒரே தட்டு. அவர் வாய் வச்ச கூழைத்தானே நான் குடிக்கிறேன்? வயிறு மட்டும் ரெண்டா இருக்கும்? டப்பா மேல அவர் பேரை எழுதிக் குடுத்தேன். ரேஷன் கார்டுல அவர் பேர்தானே மேல இருக்கு, அந்த மாதிரி.

கொஞ்ச நாள் கழிச்சு பர்வீன் போன் பண்ணினா. குரல்லயே தெரிஞ்சுது. "அக்கா, அண்ணனோட சாம்பிள் பார்த்தோம். நாங்க எடுத்ததுலேயே இப்படி ஒண்ணு வரலக்கா. நெடுந்தூரம் ஓடறவங்க வயிறு மாதிரி இருக்கு. இது ஆராய்ச்சிதான், வைத்தியம் இல்ல. ஆனா எதையும் மாத்த வேணாம், இப்ப என்ன சாப்பிடறாங்களோ அதையே சாப்பிடட்டும்."

அன்னிக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே பெரியம்மா. அடுப்புல பால் பொங்கி வழியுது, நான் போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். கடைசியா வந்த சந்தோஷம் அதுதான்னு நினைக்கிறேன். அப்புறம் எதுவும் அந்த மாதிரி வரல.

அவர்கிட்டச் சொன்னதும் நெஞ்சு ரெண்டு விரக்கடை விரிஞ்சுது. டப்பா எப்படிப் போச்சுன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன், அதுல மறைக்க என்ன இருக்கு. "பார்த்தியா, இத்தனை நாளா என் வயித்தைக் குத்தம் சொன்னீங்க எல்லாரும்"னு அத்தைகிட்டயும் சொல்லிட்டு வந்தார். அன்னியோட கூழை நிறுத்திட்டார். "இப்ப என்ன சாப்பிடறேனோ அதையேன்னு சொல்லியிருக்காங்கல்ல, எனக்கு எதுக்கு இது?" நான் காய்ச்சறதை நிறுத்தல. நானே குடிச்சேன்.

அதிசயம் என்னன்னா, அதுக்கப்புறம் அவர் வயிறு அடங்கிருச்சு! கருவேலங்காட்டுப் பக்கமே திரும்பல. பயம் போனா வயித்துக் கோளாறும் போயிடும் போல. சுத்து சுத்தா நல்லா ஓடினார். ஏழு நிமிஷத்துக்குள்ள வந்துட்டார். "இப்ப எதுக்கு இன்னும் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு வர்றே?"ன்னு கேட்டார். பழகிருச்சுங்க, கை சும்மா இருந்தா எனக்கு ஓட வரலைன்னேன்.

செலக்‌ஷன் மாசி மாசம் வந்தது. அந்த ஊருக்கு முதல் பஸ்சுல போனோம். நான் பிளாஸ்க்குல கஞ்சி கொண்டு போயிருந்தேன். "நீயே குடி. என் வயிறு இரும்பு"ன்னுட்டு ஓட்டல்ல உக்காந்து பொங்கல், வடை, மசால் தோசை, மேல ஒரு பால். எனக்கு மனசுக்குள்ள என்னமோ பண்ணினது. ஆனா படிச்ச பொண்ணு ஆராய்ஞ்சு சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்ல முடியும்? அந்தக் கஞ்சியை கிரவுண்டு கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டே நான் குடிச்சேன்.

குடும்பத்து ஆளுங்களை உள்ள விடல. பாட்டிலையும் விடல. வேப்ப மரத்தடியில நின்னோம். உள்ள விசில் கேட்டுச்சு. இவ கண்ணைச் சொக்கிக்கிட்டுத் தோள்ல சாஞ்சுட்டா. என் கால் ரெண்டும் தானா ஆடிக்கிட்டே இருந்தது.

ரொம்ப நேரம் கழிச்சு அவர் வெளிய வந்தார். சட்டையைக் கழட்டி இடுப்புல கட்டிக்கிட்டு வந்தார்.

அவ்வளவுதான். அந்தக் கிரவுண்டுல கருவேலங்காடு கிடையாது.

வீட்டுக்கு வர்ற பஸ்சுல ஜன்னலோரம் உக்காந்தார். யாரும் பக்கத்துல உக்காராம நான் உக்காந்துக்கிட்டேன். பாதி தூரம் வந்தப்புறம் வெளியவே பார்த்துக்கிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பொண்ணு சொன்னது என் வயித்துக்குத்தானா?"

"ஆமாங்க, நம்ம வயித்துக்குத்தான்"னேன்.

அப்பத்தான் திரும்பிப் பார்த்தார். "நம்ம வயிறுன்னா?"

விவரமாச் சொன்னேன். டப்பா மாடத்துல கிடந்தது, பர்வீன் வர்ற நாள், ஒரே தட்டு, எல்லாம். அவர் என்னையே பார்த்துக்கிட்டிருந்தார். புதுசா யாரையோ பார்க்கிற மாதிரி. என் முகத்தைப் பார்த்தார், மடியில இருந்த கையைப் பார்த்தார், அப்புறம் காலைப் பார்த்தார். செருப்புல ஏதாவது ஒட்டியிருக்கான்னு நானும் குனிஞ்சு பார்த்தேன். ஒண்ணும் இல்ல.

வீட்டுக்கு வந்து அவர் போட்டிருந்ததைக் கல்லுல போட்டுத் துவைச்சேன். சோப்பு தீர்ந்து போச்சு, கடைக்குப் போய் இன்னொண்ணு வாங்கிட்டு வந்து துவைச்சேன். அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. அத்தை கூடத்துல உக்காந்து அழுதாங்க. "நீ ஏண்டி அழ மாட்டேங்கறே?"ன்னு கேட்டாங்க. துணி காயப் போட்டுட்டு வர்றேன் அத்தைன்னேன்.

அழுகை வரல பெரியம்மா. இப்பவும் வரல. பல்லு பிடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போடுவாங்களே, கன்னத்தைத் தொட்டா அடுத்தவங்க கன்னத்தைத் தொடற மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருக்கு. சிரிப்பெல்லாம் வருது. அது எனக்கு எப்பவும் வர்றதுதானே, இருமல் மாதிரி.

அடுத்த வாரம் திருப்பூருக்குப் போயிட்டார். பனியன் கம்பெனி. என்கிட்டச் சொல்லிக்கல, அத்தைகிட்டச் சொல்லிட்டுப் போனார். பணம் அத்தைக்கு வருது, போனும் அத்தைக்குத்தான் வருது. நான் கூப்பிட்டா எடுக்கறதில்ல. அத்தை போனை வாங்கிப் பேசினா, "பாப்பாகிட்ட குடு"ங்கறார். இவ என்னத்தைப் பேசுவா? "ப்பா, ப்பா"ன்னு எச்சில் ஒழுக விடறா. அவர் கேட்டுக்கிட்டே இருக்கார். அப்புறம் வச்சிடறார்.

ஓட்டத்துல தோத்த வெட்கம்தான். ஆம்பளைங்களுக்கு அது தாங்காது. அத்தை வேற மாதிரி சொல்றாங்க. "அவளை நம்பித்தான் போனேன்னு சொல்றான்டி"ங்கறாங்க. அது எப்படிங்க என் மேல வரும்? சொன்னது ஆராய்ச்சி. நான் போனைத்தானே பிடிச்சுக்கிட்டு நின்னேன்?

சவரிமுத்து சார்கிட்ட ஒருநாள் கேட்டேன். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போற வழியில கிரவுண்டு இருக்கு, எட்டிப் பார்த்தேன். சார், ஆராய்ச்சி தப்பா சார்னு. அவர் குழலியை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு, "தப்பில்லம்மா. ஆளைத்தான் மாத்திப் பார்த்துட்டோம்"னார். என்னமோ வருத்தத்துல பேசறார்னு விட்டுட்டேன். "பாட்டில் கொண்டு வரலையா?"ன்னு கேட்டார். இல்ல சார்னேன். "நல்லது. ஒரு சுத்து ஓடிட்டுப் போ"ன்னார். சந்தை கலைஞ்சிடும் சார்னுட்டு வந்துட்டேன்.

இப்ப பர்வீன் விடாமக் கூப்பிடறா. அந்தக் காலேஜ்ல நின்ன இடத்துலேயே ஓடற மெஷின் இருக்காம். அண்ணன் வந்து அதுல ஒரு தடவை ஓடணும், வாயில முகமூடி மாட்டி மூச்சை அளக்கணும், பெரிய புரொபசரெல்லாம் பார்க்கக் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு. அண்ணன் ஊர்ல இல்லம்மான்னேன். "அப்ப இன்னொரு டப்பாவாவது கொண்டாங்கக்கா, முதல்ல வந்தது நிஜம்தானான்னு நாங்க உறுதி பண்ணணும்"னா.

சரின்னுட்டேன். எனக்கும் அவகிட்ட ஒரு காரியம் இருக்கு. இதைக் குடுத்துட்டு அவளையே அவருக்கு ஒரு போன் போடச் சொல்லப் போறேன். நான் கூப்பிட்டாத்தானே எடுக்க மாட்டார்? புது நம்பர்னா எடுப்பார். படிச்ச வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். "அண்ணா, உங்க வயித்துல ஒரு குத்தமும் இல்ல, மறுபடி பார்த்தோம், அதே மாதிரிதான் இருக்கு, அன்னிக்கு மசால் தோசைதான் கெடுத்துருச்சு"ன்னு. அதைக் கேட்டாப் போதும். தைரியம் வந்துடும். வந்துடுவார். வேலை போனா போகட்டும், போலீஸ் இல்லாத வீடெல்லாம் என்ன இருட்டாவா கிடக்கு? வீட்டுக்கு வரணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

என்ன கேக்கறீங்க? அவர் திருப்பூர்ல இருந்தா இந்த டப்பாவுல எப்படின்னா?

அவருதுன்னு சொன்னேன்ல, அதைக் கேக்கறீங்களா? அங்கேர்ந்து எப்படிங்க வரும்? இன்னிக்குக் காலையில என்னோடதுதான். அவர் போய் ஒண்ணும் வருஷக்கணக்கு ஆகலையே, அதுக்குள்ள வயிறு மாறியா போயிருக்கும்? அவர் அங்க மெஸ்ஸுல சாப்பிடறார்தான். ஆனா நான் தட்டை மாத்தல பெரியம்மா. இப்பவும் அவர் தட்டைத்தான் எடுத்துப் போட்டுக்கறேன். அவர் சாப்பிடற நேரம் வரைக்கும் தட்டைச் சும்மா வச்சிருந்துட்டு, அப்புறம்தான் நான் போட்டுக்கறது. அத்தை பார்த்தா எதாச்சும் சொல்லுவாங்கன்னு அவங்க படுத்தப்புறம் சாப்பிடுவேன். கூழும் காய்ச்சறேன். அதே அளவுதான். குறைச்சுக் காய்ச்சக் கை வர மாட்டேங்குது.

ஏன் பெரியம்மா கையைப் பிடிக்கிறீங்க? என்னமோ சொல்ல வர்றீங்க, சொல்லுங்க. எதுவானாலும் சொல்லுங்க, எனக்கு இப்பல்லாம் எதுவும் சுருக்குன்னு படறதில்ல.

இருங்க இருங்க. ஹாரன் கேக்குதா? அந்தா, புளியமரத் திருப்பத்துல தலை தெரியுது. நம்ம வண்டிதான். பாருங்க, வேகத்தைக் குறைக்கிற மாதிரியே வர்றதை. ஒருநாளாவது நிப்பாட்டுவாரோன்னு நினைக்கத் தோணும், நிப்பாட்ட மாட்டார். போயிடுச்சு பார்த்தீங்களா? போகட்டும் போகட்டும், பாலத்துக்கு முன்னாடி பிடிச்சிடலாம்.

நீங்க எழுந்திரிச்சு மெதுவாவே வாங்க. கூடையை விடுங்க, அது என் கையிலேயே இருக்கட்டும். கையில எதுவும் இல்லாம எனக்கு ஓட வராது. இவளைத்தான் தூக்கிக்கிட்டு ஓட முடியாது, அழ மாட்டா, யார்கிட்ட வேணா இருப்பா. இந்தாங்க பெரியம்மா, பிள்ளையைக் கொஞ்சம் வாங்கிக்கங்க.